ராடை ஒடித்தது மீன் இல்லை

அன்புள்ள முருகேசு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் தூண்டில் ராடு ஒடிந்த சேதிதான் மனசை அரிக்கிறது. 'ரெண்டு கிலோ மீனுக்கே பட்டென்று போய்விட்டது, மட்டமான சரக்கு' என்று திட்டி எழுதியிருக்கிறாய். அதை ஒடித்தது மீன் இல்லை மாப்ளே. நீ வைத்து அனுப்பிய போட்டோவை நன்றாகப் பார்த்தேன். நுனியிலிருந்து மூன்றாவது வளையத்துக்கு, அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையத்துக்குக் கீழே முறிந்திருக்கிறது, அந்த இடத்தில் ஒரு விரலகலத்துக்குப் பூச்சும் தேய்ந்திருக்கிறது. வண்டிக் கூரைமேல் இருக்கும் கேரியரில் நீ எலாஸ்டிக் கொக்கிக் கயிறு போட்டு இறுக்குவது அங்கேதானே? கார்பன் ராடு என்பது மெல்லிய சுவர் கொண்ட குழல். வளைத்தால் எவ்வளவோ தாங்கும். பக்கவாட்டில் நசுக்கினாலும் இரும்பில் உரசினாலும் தாங்காது. ஓட்டத்தில் விழுந்த கீறல் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பிறகும் மீன் பிடிப்பாய். ஒரு நாள் பாரம் ஏறும்போது சரியாக அந்தக் கீறலில் முறியும், பழி மீன்மேல் விழும். கண்ணாடியிழை பைபர் ராடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும்.

கேரியரில் ராடுக்கு எதிரி காற்று. ராடின் எடை ஒன்றுமே இல்லை. வேகம் 60-லிருந்து 90 ஆனால் காற்று தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். கட்டிய இடத்தில் ராடு நிற்காமல் அதிர்ந்து, உரசிக்கொண்டே வரும். அதனால் அடுத்த ராடு வாங்குமுன், ராடை உள்ளே வைத்துக் கொண்டுபோக கேரியரில் ஒரு பைப்பு போட்டுவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பு, தடிமனானதாகப் பார்த்து எடு. மெல்லியது வெயிலில் இளகி நடுவில் தொய்யும். 7 அடி ராடைக் கழற்றினால் ஒரு துண்டு மூன்றரை அடி. அதற்கு 4 அடிப் பைப்பு போதும். கடற்கரைக்கு 10 அடி ராடும் எடுத்துப் போவாய் என்றால் ஐந்தரை அடியாக வெட்டு. முன்பக்கம் எண்ட் கேப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடு, பின்பக்கம் திருகு மூடி. முன்கோடியில் உள்ளே இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் வை. பிரேக் போட்டால் எல்லாம் முன்னால்தான் பாயும், ஆகவே தடித்த முனை முன்னால் போகட்டும், நுனி மூடிப் பக்கம் இருக்கட்டும். மூடிக்கும் நுனிக்கும் நடுவே நாலு விரல் இடம் விடு. அவசரத்தில் மூடியைத் திருகி நுனியை ஒடித்தவர்கள் நிறைய. ஒவ்வொரு துண்டையும் துணி உறையில் போட்டால்தான் வளையங்கள் ஒன்றோடொன்று மோதாது. வளையத்தின் உள்ளே இருக்கும் பீங்கான் தெறித்தால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

அடிப்பக்கம் இரண்டு கோடியிலும் 6 மில்லிமீட்டர் ஓட்டை போடு. ஈர ராடு காற்றில்லாமல் கிடந்தால் பூச்சு கொப்புளிக்கும், கார்க் பிடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

பைப்பைத் துளைத்து போல்ட் போடாதே. உள்ளே நீட்டும் போல்ட் தலை ராடைச் சுரண்டும். வெளியே சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் யு போல்ட், நடுவில் ரப்பர் ஷீட், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட். சாதா நட் அதிர்விலேயே கழன்றுவிடும். பைப்பு முட்டை வடிவத்துக்கு வந்தால் அதிகமாக முறுக்கிவிட்டாய் என்று அர்த்தம். வெள்ளை பெயிண்ட் ஒரு கை அடித்துவிடு, வெயிலில் பைப்பு சீக்கிரம் நொறுங்காது.

பைப்பே வேண்டாம், திறந்துதான் கட்டுவேன் என்று நீ அடம்பிடிப்பாய், எனக்குத் தெரியும். அப்படியானால் கைப்பிடி முன்னால், நுனி பின்னால். மூன்று இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்துத் தாங்கு கொடு, வெல்க்ரோ பட்டையால் கட்டு. கட்டிய பிறகும் விரலால் ராடை உருட்ட முடியணும், அவ்வளவு இறுக்கம் போதும். வளையம் எதுவும் கம்பியில் உட்காரக் கூடாது. நரம்பு சுற்றும் ரீலைக் கழற்றி வண்டிக்குள்ளே வை. வேகத்தில் அடிக்கும் மழைத்தண்ணீர் பேரிங்கில் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும்.

தூண்டில் முள்ளைக் கட்டாயம் கழற்று. பின்னால் பைக்கில் வருகிறவனை நினைத்துப் பார். கேரியரிலிருந்து பிய்ந்து பறக்கும் ராடு அவன் முகத்தில் விழுந்தால் என்ன ஆகும்? இன்னொன்று முருகேசு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. கார்பனில் கரண்ட் பாயும். மின்கம்பிக்குக் கீழே வண்டியை நிறுத்தி, படியில் ஏறி நின்று நீள ராடை நிமிர்த்தாதே. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே பாயும்.

கட்டிக் கிளம்பியதும் 15 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி, எல்லா நட்டையும் கையால் அசைத்துப் பார். மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவை, தாழ்ந்த பார்க்கிங் கூரைகளில் உதவும்.

பைப்பைப் பொருத்துமுன் வண்டியின் பின்கதவை முழுசாகத் தூக்கி, பைப்பில் இடிக்கிறதா பார். கேரியரின் இரண்டு குறுக்குப் பட்டைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது, யு போல்ட் எங்கே வரணும் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
கதிர்