பட்டியலில் இல்லாத பாட்டி

பெல்லிங்ஹாம், வாஷிங்டன் மாநிலம்
ஜனவரி 12

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். நான் மகள் வீட்டில் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை டெமிங் பக்கம் அழைத்துப் போனார். கிழக்கே அரை மணி நேரப் பயணம், நூக்சாக் ஆற்றங்கரை. முட்டையிட ஏறிவந்த சால்மன் மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தின்ன வந்த வெண்தலைக் கழுகுகள் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கின்றன. கழுகு பார்க்கப் போனவன், திரும்பி வந்ததிலிருந்து அந்த ஆற்றோர நூக்சாக் பழங்குடி மக்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நீ முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழோடு மல்லுக்கட்டியவன். இதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது?

நூக்சாக் என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர். எப்போதும் பெரணி வேர் கிடைக்கிற இடம் என்று பொருளாம். லேச்சலோசம் என்பது அவர்கள் மொழி. அதைச் சிறுவயதிலிருந்து பேசிவந்த கடைசி ஆள் 1988-இல் போய்விட்டார். இப்போது ஒலிநாடாக்களையும் மொழியியலாளர் பிரென்ட் கேலவே போன்றவர்களின் குறிப்புகளையும் வைத்துத் திரும்பக் கற்கிறார்கள்.

இந்தக் கடற்கரைப் பழங்குடிகளிடையே வம்சாவளி என்பது குடும்பச் சொத்து. பெரியவர்கள் அதை வீட்டுக்குள்தான் சொல்லிக் கொடுப்பார்கள், ஊரில் பரப்ப மாட்டார்கள். மதிப்பில்லாதவர்களைக் குறிக்க 'தங்கள் வரலாற்றைத் தொலைத்தவர்கள்' என்கிற மாதிரி ஒரு வழக்கே இருந்திருக்கிறது. முன்னோர் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும்போது விருந்து போட்டு, சாட்சிக்கு ஆட்களை அழைத்து, அந்தச் சாட்சிகளுக்குக் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். அவர்களுக்குப் பத்திரப்பதிவு அதுதான். இன்னொன்று கேள்: நமக்கு அத்தை மகள் முறைப்பெண், அங்கே உறவு தெரிந்தால் கல்யாணமே கிடையாது. அதனால் வேறு ஊரில்தான் பெண் எடுப்பார்கள். மாட்ஸ்க்வி, சில்லிவாக் என்று இன்றைய கனடா வரை சம்பந்திகள். 1846-இல் 49-ஆவது அட்சக்கோட்டை எல்லையாக்கியபோது, கோடு இந்த உறவுகளுக்கு நடுவே போய்விட்டது.

அப்புறம் காகிதம் வந்தது. 1855 ஜனவரி 22, பாயின்ட் எலியட் ஒப்பந்தம்; இந்தப் பகுதிப் பழங்குடிகள் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த காகிதம். நூக்சாக் மக்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து லுமி மக்களின் தலைவர் போட்டதே அவர்களுக்கும் சேர்த்து என்று ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் தரப்பு வைத்துக்கொண்டது. லுமிக்கு ஒதுக்கிய நிலத்துக்குக் குடிபெயரச் சொன்னார்கள், பெரும்பாலோர் போகவில்லை. சொந்த ஊரிலேயே இருக்க ஒரே வழி, வெள்ளைக்காரக் குடியேறிகளைப் போல மனுப் போட்டு நிலம் பெறுவது. 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி மனுப் போடும் பழங்குடியினர், தம் இனத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிட்டதாக நிரூபிக்க வேண்டும். 1884-இல் வந்த சட்டத்தில் 25 ஆண்டுகளுக்கு விற்க முடியாத பட்டா.

வேடிக்கை என்ன தெரியுமா? நூக்சாக் இனத்தில் இன்று உறுப்பினராகக் காட்ட வேண்டிய முதல் ஆதாரமே, அப்படி நிலம் பெற்றவர்களின் வாரிசு என்பதுதான். இனத்தோடு ஒட்டாமல் தனி ஆளாக நிற்கச் சொல்லி ஆரம்பித்த ஏற்பாட்டின் காகிதங்கள், இன்று இனத்தைச் சேர்ந்தவன் என்பதற்குச் சாட்சி! அது இல்லையென்றால் 1942 ஜனவரி 1 தேதியிட்ட கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் வேண்டும். அதுவும் இல்லையென்றால் 1965-இல் பறிபோன நிலத்துக்கு இழப்பீடு வாங்கிய குடும்பமாக இருக்க வேண்டும். அந்த இழப்பீட்டுக் கதையும் லேசானதல்ல. நாலு லட்சம் ஏக்கர் கேட்டார்கள். 80,000 ஏக்கருக்கு மட்டும், ஏக்கருக்கு 65 சென்ட் கணக்கில், வட்டியில்லாமல் கொடுத்தார்கள். முழு அரசு அங்கீகாரம் 1973-இல்தான்.

இந்தக் காகிதங்கள்தான் 2013-இல் வெடித்தன. ஒரே பாட்டியின் வழிவந்த 306 பேரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க, இனத்தை நிர்வகிக்கும் நூக்சாக் கவுன்சில் முடிவெடுத்தது. இனத்தில் மொத்தமே சுமார் 2,000 பேர். பாட்டி 1949-இல்தான் இறந்தார், ஆனால் 1942 பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருடைய மூன்று மகள்கள் பண்ணை வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ்காரர்களை மணந்தவர்கள்; அந்த வழியில்தான் இத்தனை பேர். வம்சத் தொடர்புக்கு ஆதாரம் போதாது என்றது கவுன்சில். நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்றார்கள் அவர்கள். மத்திய அரசு 2016-இல் அந்தக் கவுன்சிலின் தீர்மானங்களை ஏற்க மறுத்தது, 2018-இல் புதுக் கவுன்சிலை ஏற்றுக்கொண்டது. நீக்கப்பட்டவர்களை, குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னது தொடர்ந்தது. 2022 பிப்ரவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொல்லும் அளவுக்குப் போனது.

எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. யார் உறுப்பினர் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. அதில் வெளியார் மூக்கை நுழைத்துத்தான் இத்தனை கேடும். ஆனாலும், கணக்கெடுக்க வந்தவன் ஒரு வீட்டைத் தாண்டிப் போயிருந்தால் எழுபது வருஷம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி தெருவில் நிற்க வேண்டுமா? இந்த இடம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

இந்தப் பகுதிப் பழங்குடிகளின் பழைய பதிவேடுகள் சியாட்டில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2020-இல் அந்தக் கட்டடத்தை விற்று, பெட்டிகளைக் கலிபோர்னியாவுக்கும் மிசௌரிக்கும் அனுப்பப் பார்த்தார்கள். பழங்குடிகளும் மாநில அரசும் வழக்குப் போட்டு 2021-இல் தடுத்துவிட்டார்கள். பெரும்பாலான காகிதங்கள் கணினியில் ஏறாதவை. ஒரு பாட்டியின் பெயரைத் தேட அத்தனை தூரம் யாரால் போக முடியும்?

சரி, நீ சொல். 306 பேரின் மனு உன் மேசைக்கு வந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பாய்? 'ஆவணம் இல்லை, தள்ளுபடி' என்றா, 'கிராமத்தில் விசாரித்து அறிக்கை தருக' என்றா? உண்மையைச் சொல், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கழுகைப் படம் எடுத்தேன். இருபதில் பத்தொன்பது மங்கல். தெளிவாக விழுந்த ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்