மெழுகில் இருக்கும்போதே சொல்லிவிடு

தக்கலை,
ஆகஸ்ட் 8

அன்புள்ள லில்லி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு மாதமாக ஏன் போன் எடுக்கவில்லை என்று நான் எத்தனையோ நினைத்துக் கவலைப்பட்டேன். மகள் மேல் கோபமோ, உடம்புக்கு ஏதாவதோ என்று. நாலாவது பக்கத்தின் கடைசியில்தான் காரணத்தை எழுதியிருக்கிறாய். "பேசினால் காற்றுதான் வருகிறது, எழுதினால்தான் எழுத்து வருகிறது." அந்த வரியை வாசித்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். ஏனென்றால் அந்தக் காற்று என் வாயிலும் இரண்டு வருஷம் வந்தது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

முதலில் ஊர் விசேஷம். ஆடிச் சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. ரப்பருக்கு பிளாஸ்டிக் கட்டித்தான் வெட்டு நடக்கிறது. சின்னவனுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, வினோதினி என்று பெயர். நீ வந்தால் உட்காருவாயே, அந்தப் படிப்புரையை இடிக்கச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. மற்றதெல்லாம் நேரில். இப்போது உன் பல்லைப் பற்றிப் பேசவேண்டும்.

மேலே எல்லாம் போயிற்று, கீழே அஞ்சு மட்டும் நிற்கிறது, அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கஞ்சியும் ரசமுமாக மிச்ச நாளைக் கழித்துவிடலாம், 72 வயதில் பல்செட்டு ஒரு கேடா என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் லில்லி. அந்த அஞ்சில் கைவைக்காதே. அதில் கோரைப்பல் இரண்டும் ஆடாமல் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுவே பெரிய சொத்தாக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கரையும். முதல் சில மாதம் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைதான் அதிகம் கரையும், கணக்குப் பார்த்தால் நாலு மடங்கு வரும் என்றார் என் டாக்டர். கோரைப்பல்லின் வேர் அங்கே இருக்கும்வரை அதைச் சுற்றி எலும்பும் இருக்கும். தேவைப்பட்டால் பல்லை உயரம் குறைத்து, வேரை நிறுத்தி, அதன்மேலேயே செட்டை உட்காரவைக்கலாமாம். உன் டாக்டரிடம் இதைக் கேள். கேட்காமல் ஒரு பல்லையும் எடுக்கவிடாதே.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. சர்க்கரையும் ஈறுநோயும் சேர்ந்து ஒவ்வொன்றாக ஆட, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. புண் ஆறி மூணு மாதம்கூட ஆகவில்லை, "இரண்டே தடவை வந்தால் போதும், செட்டைக் கையில் தருகிறோம்" என்ற ஓரிடத்துக்குப் போனேன். இடத்தின் பெயர் எதற்கு? அளவெடுத்தார்கள், அடுத்த வாரம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டால் மேல்செட்டு கீழே விழும். கீழ்ச்செட்டு நாக்கோடு ஏறிவரும். ஈறெல்லாம் புண். திரும்பிப் போனபோது "பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அப்படிப் போனதுதான் அந்த இரண்டு வருஷம். எலும்பு கரைந்தது அப்போதுதான். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சாப்பாடு போனதைவிடப் பேச்சு போனதுதான் என்னை வதைத்தது. ஒருநாள் வடசேரிக்குப் போக பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்றாலும் இறங்கும் இடத்தைச் சொல்லவேண்டுமே. "வடசேரி" என்றேன். கண்டக்டர் குனிந்து, "எங்க அம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை, "வடசேரியாம் அண்ணா" என்று எனக்காகச் சொன்னாள். திரும்பி வரும்போது தக்கலை என்று சொல்லவேண்டும். அதுவும் மொழுக்கென்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். பிறப்பியல். "பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்." மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வ. நாநுனி மேற்பல்லின் அடியில் பரந்து ஒற்றினால்தான் தகாரமும் நகாரமும். 31 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைச் சொல்லவைத்த நூற்பா. வடசேரி, தக்கலை, நாகர்கோவில்: என் வாழ்க்கை நடந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் முதலெழுத்தில் பல் வேண்டியிருக்கிறது, பார்த்தாயா? உன் அம்மை வீட்டுக்குப் பக்கத்து அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேறிய நூல் என்று பாயிரம் சொல்கிறது. பல்லில்லாமல் அந்த நூலை வாய்விட்டு வாசிக்க எனக்கு முடியவில்லை லில்லி.

பேத்திக்குப் பெயர் வைத்த அன்று காதில் மூன்று தடவை நான்தான் சொல்லவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று ஒதுங்கி நின்றேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். அவள்தான் என்னைப் புதிய டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அவர் உடனே அளவெடுக்கவில்லை. சர்க்கரைச் சீட்டைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பழைய செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அஞ்சு தடவை வரவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார். கீழே இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதில் செட்டைக் கொளுவி மாட்டினால் அசையாது என்றும் சொன்னார். டைட்டானியம் திருகு, எலும்பே அதைப் பிடித்துக்கொள்ளுமாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வயது தடையில்லை. எனக்கு அப்போது சர்க்கரை எகிறிக்கிடந்தது, கையில் பணமும் இல்லை. நீ விசாரித்துப் பார், உன் மகள் செய்துதருவாள்.

முதல் நாள் மாவுபோல ஒன்றைக் குழைத்து வாயில் வைத்து அச்சு எடுத்தார்கள். அதை வைத்து என் வாய்க்கென்றே தனி டிரே செய்து, இரண்டாம் நாள் ஓரங்களுக்கெல்லாம் பச்சை மெழுகுக் குச்சியை உருக்கி ஒட்டி, "உதட்டைக் குவியுங்கள், நாக்கை நீட்டுங்கள், விழுங்குங்கள்" என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தார். கன்னமும் நாக்கும் அசையும்போது செட்டைத் தள்ளக்கூடாது, அதற்காக. பிறகு ஒரு பசையை வைத்தார் பார், வாயெல்லாம் கிராம்பு மணம்! அந்தப் பசையில் கிராம்பு எண்ணெயின் சத்துதான் சேர்கிறதாம். எனக்கு உடனே உன் அப்பா மாறாமலையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் பொட்டலம் ஞாபகம் வந்தது. இப்போது நம் கிராம்புக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால், 1930கள் வரை, செட்டின் ஈறு கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பராக்கும். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷம் ரப்பர் வெட்டுகிற வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

மூன்றாம் தடவை மெழுகுக் கட்டை வைத்துக் கடியின் உயரம் பார்த்தார்கள். நாலாம் தடவைதான் முக்கியம், இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். மெழுகில் பல்லை நட்டு வைத்திருப்பார்கள். போட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொல்வார்கள். அப்போது வெட்கப்படாதே, அவசரப்படாதே. வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிப்போ. வெளிச்சத்தில் நின்று பார். பேசிப் பார். நிறம், நீளம், சிரித்தால் எவ்வளவு தெரிகிறது, எல்லாம் மெழுகில் இருக்கும்போது மாற்றலாம். வெந்து அக்ரிலிக் ஆனபிறகு மாற்றுவது கஷ்டம். என் டாக்டர் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார், பல் தெரிகிற மாதிரி. தேடினால் கிடைத்தது ஒன்றே ஒன்று. 1973இல் டிரெயினிங்கில் சுற்றுலா போனபோது கன்னியாகுமரி காந்தி மண்டபத்து வாசலில் நாம் நாலு பேரும் நிற்கிற படம். என் முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறி நிற்கும், ஞாபகமிருக்கிறதா? டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மெழுகைச் சூடுகாட்டி அந்த ஒரு பல்லை மட்டும் கொஞ்சம் திருப்பினார். கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் நின்றேன்.

போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. முதல் வாரம் வாய் நிறைய ஏதோ திணித்தமாதிரி இருக்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டு இடத்தில் புண் வந்தது. போய்ச் சொன்னால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தருவார்கள். புண் வலிக்கிறதென்று கழற்றிவைத்துவிட்டுப் போகாதே. முந்தின நாள் போட்டுக்கொண்டு போனால்தான் எங்கே அழுத்துகிறது என்று தடம் தெரியும். கொட்டாவிக்குப் பயந்தவள் நான், மேல்செட்டு இப்போது அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. கீழே அப்படி ஒட்டாது, நாக்கு அசைந்துகொண்டிருக்கிற இடம். அதை நாக்கும் கன்னமும்தான் பிடித்துவைக்கப் படிக்கவேண்டும். எனக்கு இரண்டரை மாதம் ஆனது. தினமும் படிப்புரையில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டு வாசித்தேன்.

சாப்பாடு: முதலில் உளுந்தங்கஞ்சி, அவித்த ஏத்தன்பழம், குழைந்த சோறு. இரண்டாம் மாதம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு! ஒரு பக்கமாக மெல்லக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லவேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுக்கக்கூடாது. மாம்பழமானாலும் சீவித்தான். சொந்தப் பல்லின் பலத்தில் கால்வாசிதான் இதற்கு உண்டு, அதனால் முந்திரிக்கொத்து எனக்கு இனி இல்லை. நேந்திரங்காய் வறுத்ததும் இல்லை, தூள் செட்டுக்கு அடியில் போய்க் குத்தும். மட்டிப்பழம் இருக்கிறது, அடைப்பிரதமன் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடு. ஈறு இளைப்பாறவேண்டும். போட்டபடியே தூங்கினால் அண்ணமெல்லாம் சிவந்து பூஞ்சை பிடிக்கும், உனக்கும் எனக்கும் சர்க்கரை இருக்கிறபடியால் இன்னும் எளிதாகப் பிடிக்கும். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். மெல்லிய பிரஷ்ஷும் சாதா சோப்பும் போதும். கழுவும்போது பேசினில் தண்ணீர் பிடித்துவைத்துக்கொள், கைதவறினாலும் உடையாது. எலும்பு மெல்ல மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வருஷத்துக்கு ஒருதரம் காட்டவேண்டும். தளர்ந்தால் உள்பக்கம் பூசித் தருவார்கள். அஞ்சு முதல் ஏழு வருஷத்தில் புதிது கட்டவேண்டிவரும்.

இந்த வயதில் எதற்கு அலங்காரம் என்று கேட்டாயே. பாறசாலையில் இருக்கிற என் சித்தி மகள், கூலிவேலை செய்தவள், பல்செட்டுக்கு ஒரு பைசா செலவழிக்கவில்லை. 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு கேரள அரசு 'மந்தஹாசம்' என்று ஒரு திட்டம் வைத்து இலவசமாகக் கட்டிக்கொடுக்கிறது. கண்ணாடி, ஊன்றுகோல் மாதிரி இதுவும் முதியவர்களுக்கு வேண்டிய பொருள் என்றுதானே ஒரு அரசாங்கம் கொடுக்கிறது? உனக்கு மட்டும் அது எப்படி அலங்காரமாகும்? கஞ்சி குடித்தே இருந்தால் உடம்பு வற்றும். போன் எடுக்காமலே இருந்தால் மனசும் வற்றும். நான் வற்றினேன், அதனால் சொல்கிறேன்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு இந்த வருஷம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்கு ஆகஸ்ட் 8. அஞ்சு தடவை போய்வர ஒரு மாதம், பழக இரண்டரை மாதம். கோயம்புத்தூரில் இந்த வாரமே தொடங்கினால் காலம் சரியாக இருக்கிறது. தேருக்கு முந்தின நாளே வந்து என் வீட்டில் தங்கு. வினோதினி பெயரை அவளிடம் நீயும் ஒருதரம் சொல்லவேண்டும். நான் இப்போது தினமும் சொல்கிறேன்.

இதோடு அந்தப் போட்டோவின் நகல் ஒன்றை வைத்திருக்கிறேன். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்தது. வலதுபக்கக் கடைசியில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வாய்நிறையச் சிரிக்கிறவள் நீ. இடதுபக்கத் தெற்றுப்பல் நன்றாகத் தெரிகிறது. மெழுகு வைக்கிற அன்று இதை மறக்காமல் கையில் எடுத்துப் போ. அந்தத் தெற்றுப்பல்லை நேராக்க விடாதே.

உன்
பாக்கியம்