கிணற்றுக்குள் ஒரு பையன்

அஸ்ஸலாமு அலைக்கும் உஸ்தாத்,

எனக்குக் குர்ஆன் மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்த உங்கள் மதரஸாவுக்கு மகனை அனுப்பவில்லை. போன வாரம் போனில் "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்று மழுப்பினேன். இன்று வேறொரு இஸ்லாமியப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

குர்ஆனின் 30 ஜுஸுவில் (பாகங்களில்) 19 மனப்பாடமானதோடு நான் நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியும். பிரம்பைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. மதரஸா என்றாலே வாயைத் திறக்கக் காத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்கள் கையில் உங்களைக் கொடுக்க மாட்டேன்.

ஒரு காலைப்பொழுது மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஃபஜ்ர் (விடிகாலைத் தொழுகை) முடிந்து, 13வது ஜுஸு, சூரா (அத்தியாயம்) யூசுஃப், ஸபக் (அன்றைய புதுப் பாடம்) கொடுக்கிறேன். 84ஆம் ஆயத்து (வசனம்). 'யா அஸஃபா அலா யூசுஃப்.' உங்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. எங்கோ எழுத்தை நீட்டாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, திரும்ப அதே ஆயத்தை இன்னும் கவனமாக ஓதினேன். நீங்கள் இன்னும் அழுதீர்கள். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, மேல ஓது" என்றீர்கள்.

மேலே ஓதினேன்.

'யூசுஃபின் மேல் என் துயரமே!' என்று அந்த ஆயத்தில் புலம்புவது அவருடைய தகப்பனார் யஃகூப் நபி, மகனைப் பிரிந்த துக்கத்தில் அவருக்குக் கண் வெளுத்துப்போனது என்பதெல்லாம் எனக்கு 26 வயதில், ஒரு தமிழ் தர்ஜுமாவை (மொழிபெயர்ப்பை) புரட்டியபோதுதான் தெரிந்தது. அந்த சூராவின் 111 ஆயத்தும் அப்போதும் எனக்கு மனப்பாடம். அண்ணன்மார் யூசுஃபைக் கிணற்றில் விட்ட இடத்தை எத்தனை தடவை கடந்து போயிருப்பேன்! உள்ளே ஒரு பையன் கிடப்பது தெரியாமலே போயிருக்கிறேன். வாப்பாவை விட்டு வந்து, விடுதிப் பாயில் தூக்கம் வராமல் கிடந்த பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதை எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்? உங்களுக்குத் தெரிந்திருந்தது, உஸ்தாத். ஐந்து நிமிஷம் போதுமே, ஏன் சொல்லவில்லை?

"இந்த வயசுல நாக்கு வரணும், அர்த்தம் பின்னால வரும்" என்பீர்கள். அது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1377இல் 'முகத்திமா' என்ற வரலாற்று முன்னுரை நூலை எழுதிய அறிஞர் இப்னு கல்தூனே இதை அலசியிருக்கிறார். மக்ரிபில் (வடமேற்கு ஆப்பிரிக்காவில்) பிள்ளைகளுக்குக் குர்ஆன் மட்டும். அந்தலூஸில் (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில்) அதோடு கவிதை, இலக்கணம், கையெழுத்து. மொழியை முதலில் கற்றுக்கொடுங்கள், புரியாததைப் பிள்ளையை ஓதவைக்காதீர்கள் என்றார் காழி (நீதிபதி) அபூபக்ர் இப்னுல் அரபி. நல்ல முறைதான் என்று ஒப்புக்கொண்ட இப்னு கல்தூன், வழக்கம் அதற்கு இடம் தராது என்றார். பிள்ளை வளர்ந்து நம் கையை விட்டுப் போனால் குர்ஆன் இல்லாமலே போய்விடுவான் என்ற பயம். உங்களுக்கும் அதே பயம்தான் என்று இப்போது புரிகிறது. நானும் பாதியில் போனவன்தானே.

மகனின் பள்ளியில் ஒரு சூராவை ஓதும் முன் அதன் சேதியைத் தமிழில் பேசுகிறார்கள். 'கதப' (எழுதினான்) என்ற அரபி மூன்றெழுத்திலிருந்து கிதாபும் (புத்தகம்) மக்தபும் (எழுதும் இடம், பள்ளி) காதிபும் (எழுதுபவர்) கிளைப்பதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள். கணக்கும் அறிவியலும் அதே நாளில், அதே கூரையின் கீழ். மனப்பாடம் மெதுவாகத்தான் போகும், தெரிந்தேதான் சேர்த்தேன்.

ஆனால் சேர்க்கப் போன அன்று ஒரு பிள்ளை குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹா ஓதியது. 'வலள் ளாள்ளீன்' வந்தபோது அரபி 'ளாத்' எழுத்துக்குப் பதில் அப்படியே தமிழ் 'ள'. ஆசிரியை விட்டுவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கன்னத்தில் விரலை வைத்து, "நுனியை விடு, ஓரத்தைக் கொண்டு வா, மேல் கடைவாய்ப் பல்லுல சாயணும்" என்று நீங்கள் ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே எழுத்தைக் கேட்டீர்களே. அப்படிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அதனால் வீட்டில் ளாத்தை நானே சொல்லிக்கொடுக்கிறேன், அவன் கன்னத்தில் விரல் வைத்து. இன்னும் சரியாக வரவில்லை. லீவில் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒருதரம் கேட்டுவிடுங்கள். அவன் தூங்கின பிறகு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அன்று 84ஆம் ஆயத்தில் யாரை நினைத்து அழுதீர்கள்?