சனிக்கிழமை பயணம்: அணைந்துபோன கலங்கரை விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தடவை கோட்டையும் இல்லை, மலையும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போகிறோம்.

இதைக் கட்டிய காலத்தில் மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் அலையைத் தாண்டிக் கரைசேரணும். அந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்துகொடுக்கும், உடையாது. ஆணி அடித்த படகு அங்கே தாங்காது.

முதல் விளக்கு 1796-இல் ஜார்ஜ் கோட்டைக்குள், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. நாம் பார்க்கப்போவது இரண்டாவது: 1844 முதல் எரிந்த, 125 அடி உயரக் கல்தூண். 1894-இல் விளக்கு பக்கத்திலேயே நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறியது, 1977-இல் மெரினாவுக்கு.

தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்த சென்னைக்காரர்களுக்கு, விளக்கில்லாத விளக்குத்தூண் அவர்கள் ஊரில்தான் என்று சொல்லலாம்! (நம்ம கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார்.)

காட்பாடி ஸ்டேஷன் வாசல், காலை 6 மணி. நீதிமன்ற வளாகம் என்பதால் ஆதார் அட்டை கட்டாயம். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்க. தனி மெசேஜ் வேண்டாம்.