தராசு யாருடைய கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான ஒரு கட்டுரை, பதவி இழந்த ஆட்சியாளர்கள் சிலரை வரிசைப்படுத்தி, பாபிலோன் அரண்மனைச் சுவரில் பெல்ஷாத்சாருக்கு எழுதப்பட்ட தீர்ப்பே இவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்டது என்று முடிந்திருந்தது. உலக அதிகாரம் நிலையற்றது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒருவர் வீழ்ந்துவிட்டார் என்பதையே தேவன் அவரைத் தண்டித்ததற்குச் சான்றாகக் கொள்வது வேதாகமத்தின் போதனை அன்று என்பதை, பல ஆண்டுகள் திருச்சபையில் வேதபாட வகுப்பு நடத்தியவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய, தானியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தையே பார்ப்போம். மன்னர் விருந்து நடத்துகையில் ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது, தானியேல் அதற்குப் பொருள் சொல்கிறார், மன்னர் அன்றிரவே கொல்லப்படுகிறார். பெல்ஷாத்சார் பாபிலோனின் கடைசி மன்னரான நபோனிதஸின் மகன். தந்தை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அரேபியாவின் தேமாவில் தங்கிவிட்டதால் தலைநகரின் நிர்வாகம் மகனிடம் இருந்தது. இப்படி ஒருவர் இருந்தாரா என்றே ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. 1854இல் ஊர் நகரின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் உருளைகளில் அவருடைய பெயர் இருந்ததால் அந்த ஐயம் நீங்கியது. சுவரெழுத்தை வாசிப்பவனுக்கு ராஜ்யத்தில் மூன்றாம் இடம் தருவதாக ஏன் சொன்னார் என்பதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது, ஏனெனில் இரண்டாம் இடத்தில் இருந்தவரே அவர்தான்.

சுவரில் எழுதப்பட்ட 'மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்' என்ற சொற்கள் கடைவீதியில் புழங்கிய எடைகளின் பெயர்களோடு ஒலியில் ஒத்தவை: மினா, சேக்கல், அரை மினா. மன்னரின் பிரபுக்கள் ஆயிரம் பேர் குடித்துக் களித்த கூடத்தில் ஒரு வணிகனின் கணக்குக் குறிப்பைப் போல அந்தத் தீர்ப்பு வந்தது. 'நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்' என்பது தானியேல் கூறிய பொருள். கி.மு. 539 அக்டோபரில் பாபிலோன் பெர்சியர் வசமானது. நகரம் போரின்றியே பிடிபட்டதாக பாபிலோனியக் குறிப்பேடு ஒன்று சொல்கிறது. பெர்சியரின் பேரரசை வீழ்த்திய அலெக்சாண்டர் கி.மு. 323இல் அதே பாபிலோனில், 32 வயதில், நோயுற்று இறந்தார்.

இதுவரை கட்டுரையாளரும் நானும் ஒரே பக்கம். ஆனால் தோற்றவன்தான் குறையக் காணப்பட்டவன் என்றால், அதே வேதாகமத்தின் இராஜாக்கள் புத்தகத்தை என்ன செய்வது? எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பியதாகக் குறிக்கப்படும் யூதாவின் அரசர் மனாசே 55 ஆண்டுகள் அரசாண்டார். யூதாவில் வேறெவரும் அவ்வளவு காலம் ஆண்டதில்லை. அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். (அவர் பிற்பாடு மனந்திரும்பியதாக நாளாகமம் சொல்வது உண்மை, இராஜாக்கள் புத்தகமோ அதைக் குறிப்பிடவில்லை.) அவருடைய பேரன் யோசியா, ஆலயத்தைப் பழுதுபார்த்து, நியாயப்பிரமாணத்துக்குத் திரும்பிய அரசர், எகிப்தின் மன்னர் நேகோவை எதிர்த்து மெகிதோவில் 39 வயதில் கொல்லப்பட்டார். வீழ்ச்சியை மட்டும் பார்ப்பவர், இவ்விருவரில் தேவனுடைய கோபத்துக்கு ஆளானவர் யோசியாவே என்று சொல்லவேண்டிவரும்.

தேவனுக்கு மகிமை செலுத்தாததால் ஏரோது மன்னன் 'புழுப்புழுத்து இறந்தான்' என்று அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்லவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறது. ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அப்போஸ்தலனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், அதை எவரும் யாக்கோபுமீது வந்த தண்டனை என்று வாசிப்பதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்வியை இயேசுவே எழுப்பி, அப்படியல்ல என்று மறுத்து, கேட்டவர்களிடமே அதைத் திருப்பினார்: 'நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்' என்று.

கி.பி. 410இல் விசிகோத் இனத்தாரின் மன்னன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதற்கான தண்டனை இது என்று கிறிஸ்தவர்கள் மீது பழி விழுந்தது. ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீனார், 413 முதல் 426 வரை எழுதி, 22 புத்தகங்களில் பதில் தந்தார். ரோமின் வீழ்ச்சியை வைத்து எதிர்த்தரப்பின்மேல் அதே பழியைத் திருப்பிப் போடுவது எளிது, அவர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இம்மையின் துன்பம் நல்லவருக்கும் தீயவருக்கும் பொதுவானது என்றும், ஒரே நெருப்பில் பொன் ஒளிரும், பதர் புகையும் என்றும் எழுதினார். வண்டாலியர் என்ற ஜெர்மானிய இனத்தார் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430இல் அவர் இறந்தார்.

இத்தனை பழைய செய்திகளை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் சபைகளின் நிர்வாகிகளைத் தெரிவு செய்யும் திருமண்டலத் தேர்தல் முடிந்த மறுவாரம், தோற்ற அணியைச் சுட்டி 'கர்த்தர் நியாயம் தீர்த்துவிட்டார்' என்று ஆராதனையிலேயே நன்றி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த தேர்தலில் அவர்களே தோற்றபோது, அதைச் சோதனை என்றார்கள். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்குங்காலம் வந்தது என்று பேதுரு எழுதியது இப்படிப் பேசுகிற நம்மை நோக்கித்தான். தராசைக் கையில் பிடித்திருப்பவர்களாக நம்மை எண்ணிக்கொள்கிறோம், அதன் தட்டில் இருப்பவர்கள் நாம் என்பது நினைவிலேயே இல்லை.

பெல்ஷாத்சாருக்கு முன் பாபிலோனை ஆண்ட நேபுகாத்நேச்சாருக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. அப்போது தானியேல், 'சிறுமையானவர்களுக்கு இரங்கி உமது அக்கிரமங்களை' அகற்றிவிடும் என்று ஆலோசனை சொன்னார். பன்னிரண்டு மாத காலம் மன்னருக்குக் கிடைத்தது. அவர் அதைப் பயன்படுத்தாமல் விட்டது வேறு கதை. தங்கள் நாளிதழ் அந்த விருந்துக் கதையை மீண்டும் வெளியிடும்போது, அதற்கு முந்தைய 4ஆம் அதிகாரத்தின் 27ஆம் வசனத்தையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை