திருடுபோன காரும் உங்கள் 'தாமதத் தகவல்' கடிதமும்

இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

என் கார் திருடுபோன விவரமெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. 'தாமதமாகத் தகவல் தெரிவித்ததால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டுள்ளது' என்று கிளெய்மை நிராகரித்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

எது தாமதம்? கார் இல்லை என்று தெரிந்த அன்று காலையிலேயே போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம் என்றார்கள். உங்கள் கால் சென்டருக்குப் போன் செய்தால், எஃப்.ஐ.ஆர். நம்பர் இல்லாமல் கிளெய்ம் பதிவு செய்ய முடியாது என்று வைத்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்த அன்றே உங்களுக்கு அனுப்பினேன். அப்புறம் இரண்டு ஒரிஜினல் சாவி, ஆர்.சி., வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் கொடுத்த சான்றிதழ் என்று கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு, உங்கள் ஆள் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு 'தாமதம்' என்கிறீர்கள்.

போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி உண்மையான திருட்டு கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2022-இல் வந்த வழக்கில் லாரிக்காரர் கம்பெனிக்குச் சொல்லவே ஐந்து மாதம் ஆகியிருந்தது, அவருக்கும் அதே நியாயம்தான் கிடைத்தது. தாமதத்தை வைத்து இயந்திரத்தனமாக நிராகரிக்காதீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை அனுப்பியது 2011-இல். இதெல்லாம் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

மாதா மாதம் 5-ஆம் தேதி பேங்கிலிருந்து இ.எம்.ஐ. பிடித்த மெசேஜ் வருகிறது, காரின் கடன் கணக்கு எண்ணோடு. வாசலில் கார் இல்லை. அதைக் கட்டிவிட்டு மிச்சத்தில்தான் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போகிறேன், ஒவ்வொரு தடவையும் வாடகையைப் பார்த்து 'அடுத்த மாசம் போலாம்பா' என்கிறார் அவர். கடன் கடன்தான் என்கிறது பேங்க், அதைத் தப்பு சொல்ல முடியாது. இந்த நிலைமை வரக்கூடாது என்றுதானே உங்களுக்குப் பிரீமியம் கட்டினேன்?

பாலிசி விற்கும்போது எந்த ஏஜென்ட்டும் நிபந்தனையைப் படித்துக் காட்டுவதில்லை. நிராகரிக்கும்போது மட்டும் அது வரிவரியாக ஞாபகம் வருகிறது. கோர்ட்டுக்கு அலைய முடியாமல் இப்படி ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, மேலாளர் அவர்களே, என் கோரிக்கை ஒன்றுதான்: கிளெய்மை மறுபடி திறந்து, காரின் மதிப்பாகப் பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையைக் கொடுங்கள். முடியாது என்றால், நான் எதை மறைத்தேன், என் தாமதத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இதையே முறையான புகாராக எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்க சென்னையில் உள்ள ஆம்புட்ஸ்மேனிடம் போவேன், அங்கே கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்