அம்மாவின் நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது

அன்புள்ள கண்ணு,

அம்மாவுக்கு என்னவென்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. ஷோக்ரன் சிண்ட்ரோம் என்கிறார்கள். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பதறுவாய், நானும் முக்கியமானதை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குகிற நோய் இது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது.

அம்மா சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றாள். சொட்டு மருந்து எழுதினார்கள். இட்லிகூடத் தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை என்றாள். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ஈறோரமாகப் பற்கள் சொத்தையாகிக்கொண்டே வந்தன, அடைத்து அனுப்பினார்கள். விரல் மூட்டு வலிக்கு வயதைக் காரணம் சொன்னார்கள். ஒருவர், "மனசை லேசா வெச்சுக்குங்கம்மா" என்றே சொல்லிவிட்டார். அன்று வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண், வாய், பல், மூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டவர் இப்போது பார்க்கிற மூட்டுநோய் டாக்டர்தான். முதலில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பார்த்தார். அலர்ஜி மாத்திரை சிலவும், மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் வாயை உலர்த்துமாம். அப்புறம் கீழ் இமைக்குள் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள். ஷிர்மர் சோதனை என்று பெயர். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் கண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ரத்தத்தில் ஆன்டி ரோ பாசிட்டிவ். சொந்த உடம்பையே எதிர்க்கிற ஒரு எதிர்ப்பொருள் அது, சுருக்கமாக ரோ என்கிறேன். 2016-இல் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது: ரோவுக்கு 3, ஷிர்மருக்கு 1. மொத்தம் 4 வந்தால் இந்த நோய்க்குப் பொருந்துகிறது. உதட்டின் உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, குட்டி எச்சில் சுரப்பிகளை எடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. ரத்தத்தில் ரோ இல்லாதவர்களுக்கு அதுதான் பெரிய ஆதாரம். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. அதற்குத்தான் ரொம்பப் பயந்திருந்தாள்.

ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர் 1933-இலேயே 19 பெண்களை வைத்து இதை எழுதியிருக்கிறார். அவர்களில் பலருக்கு மூட்டு நோயும் இருந்ததாம். டாக்டர் இதைச் சொன்னபோது அம்மா முகம் தெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. கண்ணுக்குச் சொட்டு, அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், பல்லுக்கு ஃபுளோரைடு, மூட்டுக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின். அந்த மாத்திரை சாப்பிடுவதால் விழித்திரையைத் தவறாமல் பார்க்க வேண்டும். சிலருக்கு நாளடைவில் நிணநீர்ப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் கன்னத்துச் சுரப்பி வீங்குகிறதா என்றும் கவனிப்பார்கள். உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

சரி, இனி உன் விஷயம். நீயும் கண் எரிகிறது, ஆபீஸ் ஏசிதான் காரணம் என்கிறாய். அப்படியே இருக்கலாம். இது அம்மாவிடமிருந்து மகளுக்கு நேராக வந்துவிடும் நோய் அல்ல. ஆனாலும் குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நீங்கள் இருவரும் குழந்தைக்கு யோசிக்கும் நேரம் இது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணின் ரத்தத்திலும் ரோ இருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய், நூறில் ஓரிரு கர்ப்பங்களில் குழந்தையின் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கிறது. முன்பே தெரிந்தால் நடு மாதங்களில் எக்கோ என்ற ஸ்கேன் எடுத்து, குழந்தையின் இதயத்தைக் கண்காணிப்பார்கள். தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

அம்மாவின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டி, ஆன்டி ரோ பார்க்கலாமா என்று கேள். எஸ்எஸ்ஏ என்றும் அதை எழுதுவார்கள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அம்மா பேசும்போது நடுநடுவே தண்ணீர் குடிக்க நிறுத்துவாள், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா